அடுக்களைவரை எட்டும் கேமரா

நியூஜெர்ஸியில் பிளெய்ன்ஸ்பரோவின் அந்த அபார்ட்மெண்ட் வளாகத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பிறந்தநாள், சீமந்தம், கொலு, கிறிஸ்துமஸ், கிரீன் கார்டு வந்த குஷியில் கொடுத்த விருந்து என்று எந்தப் படத்தை எடுத்தாலும் சோபாவில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் தட்டு இருக்கும். தட்டில் காமாக்ஷி மாமி செய்த ஏதோ ஒன்று இருக்கும். மாமி மட்டும் இருக்க மாட்டாள். மிஞ்சிப்போனால் ஓரத்தில் ஒரு முழங்கை, இல்லையென்றால் ஒரு புடவைத் தலைப்பு.

இதை ஜெயலீலா கண்டுபிடித்தது 1998 அக்டோபரில். நாகர்கோவிலிலிருந்து அம்மா போனில், "அந்த மாமியோட போட்டோ ஒண்ணு அனுப்பு மக்களே, முகத்தை ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று கேட்டாள். அதென்ன பெரிய விஷயம் என்று ஜெயலீலா ஆல்பங்களைப் பிரித்து உட்கார்ந்தாள். மகள் ஆஷ்லியின் ஞானஸ்நானத்தில் மாமி இல்லை. முதல் பிறந்தநாளில் இல்லை, இரண்டாவதில் முழங்கை மட்டும். மற்றவர்களிடம் கேட்டாள், அவர்களும் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அதே வாரம் மாமியின் கணவர் மகாதேவனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துவிட்ட செய்தியும் வந்தது. ஏப்ரலில் அவர்கள் அங்கே காப்பெல் என்ற ஊருக்குப் போகிறார்கள்.

மாமியின் முகத்துக்கு ஜெயலீலாவின் அம்மா ஏன் அப்படி ஏங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1996 ஜனவரியில் நியூஜெர்ஸியே பனியில் புதைந்து கிடந்த அந்த இரண்டு நாட்களில்தான் ஜெயலீலாவுக்கு வலி எடுத்தது. கணவன் ரெனிஷ் கனெக்டிகட்டில் கிளையண்ட் ஆபீஸுக்குப் பக்கத்து ஓட்டலில் மாட்டிக்கொண்டிருந்தான். மேல் மாடியிலிருந்து மாமி இறங்கி வந்தாள். பனியைத் தள்ளும் வண்டி முன்னால் வழி விட, பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. குடும்பத்தார் மட்டும்தான் ஏறலாம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னபோது, நான் இவளுடைய சொந்த அக்கா என்று மாமி கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். நெற்றியில் குங்குமமும் மூக்கில் வைரப் பொட்டுமாக இருந்த அக்காவையும், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு கத்திக்கொண்டிருந்த தங்கையையும் அவர்கள் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அதோடு விட்டாளா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறா கொடுக்க வேண்டும் என்று ஜெயலீலாவின் அம்மா போனில் சொல்லித் தொலைத்தாள். முட்டையைக்கூடத் தொடாத மாமி, மகாதேவனைக் காரை எடுக்கச் சொல்லி எடிசனில் ஒரு மீன்கடை வாசலில் போய் நின்று, தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுறா வாங்கி வந்தாள். "வாங்கறதுதான் நான். சமைக்கறது உன் ஆம்படையான்" என்று பையை நீட்டிவிட்டு நேரே மாடிக்குக் குளிக்கப் போனாள். ரெனிஷுக்கு அதுவரை முட்டை அவிக்கத்தான் தெரியும்.

அதனால் அந்த முகம் இல்லாமல் மாமியை டெக்சாஸுக்கு அனுப்புவதில்லை என்று ஜெயலீலா தீர்மானம் செய்தாள். கேட்டு எடுத்துவிடலாமே என்றால் அது நடக்காது என்பது வளாகத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கேமராவைப் பார்த்தால் மாமி, "நான் எதுக்கு, நீங்கள்ளாம் நில்லுங்கோ" என்று கரண்டியோடு உள்ளே திரும்பிவிடுவாள். மாமியின் மகள் தீக்ஷா, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், "ஷீ ஹேட்ஸ் பிக்சர்ஸ்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். பெற்ற பெண்ணே சொன்ன பிறகு மேற்கொண்டு யார் வற்புறுத்துவார்கள்?

ஒரு வழிதான் இருந்தது. அந்த அபார்ட்மெண்ட்களில் அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு உண்டு. ஹாலில் பால்கனிக் கதவோரத்து மூலையிலிருந்து பார்த்தால் சோபாவும் ஆட்களும் தெரிவார்கள், அந்தத் திறப்பு வழியாக அடுப்படியில் நிற்கும் மாமியும் தெரிவாள். கண்ணுக்குத் தெரியும், ரெனிஷின் கேமராவுக்குத் தெரியாது. அது சோபாவை எடுத்தால் அடுக்களை விட்டுப்போகும், அடுக்களையை எடுத்தால் சோபா போய்விடும். இரண்டையும் ஒரே படத்தில் வாரிக்கொள்ள அகலமாகப் பார்க்கிற லென்ஸ் வேண்டும்.

"கடைல போனா வைடு லென்ஸ் கேமரா கிடைக்கும்லா?" என்றான் ரெனிஷ், நியாயமாகத்தான்.

கிடைக்கும். ஆனால் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கியதும் மாமி குனிந்துவிடுவாளே. ஜெயலீலாவுக்கு வேண்டியிருந்தது மார்புக்கு நேரே வைத்துக் குனிந்து பார்க்கிற பழைய இரட்டை லென்ஸ் கேமரா. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் இருக்கும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. மேலே வரும் உருவத்தை உள்ளே சாய்ந்திருக்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிவிடும், தலையில் உள்ள மங்கல் கண்ணாடியில் அது தெரியும். எடுக்கிற ஆளைப் பார்த்தால் மடியில் எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். சத்தமும் அதிகம் வராது. அப்படிப்பட்ட கேமராவிலேயே அகல லென்ஸ் உள்ளது வேண்டுமென்றால் அதைச் சேகரிப்பவர்களின் அலமாரியில்தான் பார்க்க முடியும். ஆகவே செய்தாக வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஜெயலீலா பெங்களூரில் நில அளவைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் லென்ஸ் சோதிக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவள். இங்கே வந்தது கணவனைச் சார்ந்து வருகிறவர்களுக்கான ஹெச்-ஃபோர் விசாவில். சம்பளத்துக்கு ஒரு திருகாணியைக்கூடத் திருப்பக் கூடாது என்பது சட்டம். சும்மா இருந்து இருந்து கை நமநமத்துக்கொண்டிருந்தது. சம்பளமில்லாமல் எத்தனை திருகாணி திருப்பினாலும் அமெரிக்கா கேட்கப் போவதில்லை.

சனிக்கிழமைகளில் ரெனிஷ் அவளை இங்கிலீஷ்டவுன் சந்தைக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போனான். பழைய டயர், பொம்மை, உடைந்த டிவி என்று உலகத்தில் இருக்கிற ஓட்டை உடைசல் எல்லாம் கொட்டிக் கிடக்கிற இடம். அங்கே லென்ஸ் இரண்டிலும் பூஞ்சை பிடித்த ஓர் இரட்டை லென்ஸ் கேமரா கிடைத்தது. முன்பக்கம் அடிவாங்கி நசுங்கியிருந்தாலும், பிலிமைச் சுற்றும் கைப்பிடி வெண்ணெயாகச் சுழன்றது. அது போதும். சில வாரம் கழித்து, வீட்டு விற்பனைக்காரர்களுக்குப் படம் எடுத்துக்கொடுத்துப் பிழைத்து ஓய்ந்த ஒருவரின் அட்டைப்பெட்டியில் ஒரே ஜோடியாக இரண்டு அகல லென்ஸ்கள் அகப்பட்டன. ஒன்றில் கண்ணாடி சுத்தம், ஷட்டர் செத்துப்போயிருந்தது. மற்றதில் ஷட்டர் உயிரோடு இருந்தது, கண்ணாடியில் கீறல். ஜெயலீலா நின்ற இடத்திலேயே மனசுக்குள் இரண்டையும் கழற்றி மாட்டிவிட்டாள். நல்ல கண்ணாடியை நல்ல ஷட்டரில் திருகினால் கீழ் லென்ஸ் ஆயிற்று. கீறல் விழுந்தது செத்த ஷட்டரில் திறந்தபடி மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். இதைவிடப் பொருத்தமான ஜோடியைத் தேடினாலும் கிடைத்திருக்காது. அன்றைக்குக் காரில் வரும் வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டு வந்ததாக ரெனிஷ் பிறகு எல்லாரிடமும் சொன்னான்.

குளிர்காலம் முழுக்க டைனிங் டேபிள் அவளுடையதாக இருந்தது. சாப்பாடு சோபாவுக்குப் போயிற்று. அகல லென்ஸ் பிலிமுக்கு நெருக்கமாக உட்கார வேண்டும். அதனால் பழைய முகப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பிஸ்கட் பேக் பண்ணும் அலுமினியத் தட்டிலிருந்து உள்வாங்கின புது முகப்பு ஒன்றை வெட்டினாள். மேல் லென்ஸின் பின்புறம் சாய்ந்த கண்ணாடியில் இடித்தது. கண்ணாடியின் கீழ் ஓரத்தைத் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்துக் குறைத்தாள். இரண்டு லென்ஸும் ஒரே தூரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மேலே தெளிவாகத் தெரிவது கீழே கலங்கலாக விழும். அந்த மயிரிழை வித்தியாசத்தைச் சரிக்கட்ட கோக் டின்னைக் கத்தரித்து மெல்லிய வளையங்கள் செய்து அடியில் கொடுத்தாள். வெளிச்சம் கசியும் இடுக்குகளில் கறுப்பு உல்லன் நூலை ஒட்டினாள். ஆஷ்லி அவள் காலடியில் உட்கார்ந்து மிச்ச நூலைப் பொம்மைக்குத் தலைமுடியாக வைத்துக்கொண்டிருந்தது.

மாமி தினம் ஒரு தடவையாவது இறங்கி வருவாள், கையில் ஒரு டப்பா இருக்கும். "என்னடி இது, காயலான் கடை வச்சுட்டியா?" என்பாள். டைம் பாஸ் மாமி என்று ஜெயலீலா மழுப்புவாள். மாமி டேபிளில் இடம் இல்லாததைப் பார்த்துவிட்டு டப்பாவை நேரே அவள் வாய்க்கே கொண்டுவருவாள். போதும் என்றால் காதில் விழாது. போதும் என்ற வார்த்தையை யார் சொன்னாலும் மாமி இன்னொரு கரண்டி என்றுதான் அர்த்தம் செய்துகொள்வாள். வயிறு வெடிக்கிறது என்று கையைத் தட்டுக்கு மேலே குடையாகப் பிடித்தவர்களின் விரலிடுக்கு வழியாக ரசம் ஊற்றியிருக்கிறாள்.

பிப்ரவரியில் முதல் ரோல் போட்டு, வளாகத்து விளையாட்டு மைதானத்தை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு படமும் கலங்கல். ஊஞ்சல் எது, பிள்ளை எது என்று தெரியவில்லை. கோக் டின் வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டும் அதே கதி. ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசாமல் சுற்றியவளுக்கு, கேமராவின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. அங்கே இரண்டு ஜோடித் தண்டவாளம் இருக்கிறது. பிலிம் உட்காருவது உள்ளே இருக்கிற தாழ்ந்த ஜோடியில். அதை அழுத்துகிற தகடு உட்காருவது வெளியே இருக்கிற உயர்ந்த ஜோடியில். பிலிமுக்குப் பதிலாக வைத்துத் தெளிவு பார்க்கிற சோதனைக் கண்ணாடியை அவள் வெளி ஜோடியின்மேல் வைத்துவிட்டு, அதை நம்பி எல்லாவற்றையும் அளந்திருந்தாள். நில அளவைக் கருவியில் வெளி விளிம்புதான் எல்லா அளவுக்கும் ஆதாரம், கை பழக்கதோஷத்தில் அங்கேயே போய்விட்டது. தொழில் தெரியாதவனுக்கு இந்தத் தப்பு வந்தே இருக்காது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினாள்.

இரண்டாவது ரோலில் ஊஞ்சல் சங்கிலியின் வளையங்கள்கூடத் தெரிந்தன. ஒரே ஒரு குறை பாக்கி. பார்க்கிற லென்ஸ் மேலே, எடுக்கிற லென்ஸ் கீழே என்பதால், கிட்டத்தில் நிற்கிற ஆளுக்கு மேலே தலை முழுசாகத் தெரிந்தாலும் பிலிமில் தலை வெட்டுப்பட்டுப் போகும். இதை அவள் முன்பே அறிவாள். மங்கல் கண்ணாடியில் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். கிட்டத்து ஆட்களின் தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் பிழைக்கும்.

ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை, மாடியில் மாமியின் அபார்ட்மெண்டில் வழியனுப்பு விருந்து. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருகிறோம், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். மாமி தலையை ஆட்டிவிட்டுக் காலையிலேயே சாம்பாருக்கு அரைத்து வைத்துவிட்டாள். தன் வழியனுப்பு விருந்துக்குத் தானே சமைத்த பெண்மணி அமெரிக்காவில் வேறு யாராவது இருந்தால் ஆச்சரியம்தான்.

மத்தியான வெளிச்சம் பால்கனிக் கதவு வழியாக ஹால் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. ஜெயலீலா மூலையில் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை மார்பளவுக்கு அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்தாள். குனிந்து பார்த்தாள். மங்கல் கண்ணாடியில் எல்லாரும் இருந்தார்கள். சோபாவில் மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர், தரையில் பிள்ளைகள், நின்றபடி பேசிக்கொண்டிருந்த மகாதேவன், அந்தக் கோடியில் திறப்பு, திறப்புக்குள் மாமி. இத்தனை பேரும் மாமி கையால் சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் மாமியைப் பற்றிச் சொல்ல ஒரு பனிக்காலமோ காய்ச்சலோ வேலை போன மாசமோ இருந்தது.

ஆனால் மாமி முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. திரும்புவாள் என்று ஜெயலீலா காத்திருந்தாள். திரும்பியபோது மகாதேவன் கையைத் தூக்கி ஏதோ ஜோக் சொல்லி மறைத்தார். அடுத்த தடவை யாரோ மோர் கேட்டு எழுந்து நின்றார்கள். இப்படியே ஒவ்வொரு படமாகத் தீர்ந்து ரோலில் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தபோது மாமி முழுசாகத் திரும்பினாள். நேரே மூலையைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று ஜெயலீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமி கண்டுபிடித்தது வேறு. அத்தனை பேரில் சாப்பிடாதவள் ஜெயலீலா ஒருத்திதான் என்பதைக் கண்டுபிடித்திருந்தாள்.

தட்டில் சாதத்தைப் போட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொண்டு மாமி அடுக்களையைவிட்டு வெளியே வந்தாள். வழியில் இருந்த பிள்ளைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, நேரே கேமராவை நோக்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மங்கல் கண்ணாடியில் மாமியின் முகம் வளர்ந்து வளர்ந்து விளிம்புவரை வந்து நின்றது. ஜெயலீலா அமுக்கிவிட்டாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரெனிஷ் ஆஷ்லியைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனதும், பாத்ரூமை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவினாள். ஈரம் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடைசிப் படம் அவ்வளவு தெளிவு. சோபாக்காரர்களின் பல் தெரிந்தது. மாமியின் வளையல் தெரிந்தது, தட்டு தெரிந்தது, சாதத்தில் சாம்பார் ஊறியிருப்பது தெரிந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பென்சில் கோடு அந்தக் கணத்தில் அவள் நினைவுக்கே வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கத் தலையால் தண்ணீர் குடித்துச் செய்த கேமரா, மாமியின் முழங்கையை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக எடுத்துக் கொடுத்திருந்தது.

அவள் பாத்டப்பின் விளிம்பில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் மிச்ச மளிகையை அண்டை அயலுக்குக் கொடுப்பது வழக்கம். மாமி புளியும் துவரம்பருப்புமாக ஒரு பையோடு நின்றாள். ஜெயலீலாவின் முகத்தைப் பார்த்ததும் பையைத் தரையில் போட்டாள். ஊரிலிருந்து போன் வந்ததா, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள்.

ஜெயலீலா உள்ளே போனாள். பிலிமைக் கொண்டுவந்து ஜன்னலில் காட்டினாள். மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இதில் தான் எங்கே என்று கேட்டாள். ஜெயலீலா வளையல் போட்ட கையைத் தொட்டுக் காட்டினாள்.

"மேல?"

"மேல இல்ல மாமி."

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. அம்மா கேட்டது, ஆல்பங்கள், சந்தை, கோக் டின், பால்கனி மூலை, ஒன்றையும் அவள் மிச்சம் வைக்கவில்லை. மாமி சோபாவில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் ஒன்றைக் கேட்டு ஜெயலீலா பார்த்ததே கிடையாது.

"எனக்காகவா இவ்ளோ பெரிய மெஷின் பண்ணினே?" என்றாள் கடைசியில். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீங்க. உங்களுக்கு போட்டோவே பிடிக்காதுல்லா."

"யார் சொன்னா பிடிக்காதுன்னு?"

தீக்ஷா சொன்னாள், வளாகமே சொன்னது. அதைச் சொல்ல ஜெயலீலா வாயெடுப்பதற்குள் மாமி பேசினாள். குரல் உயரவில்லை.

"வேண்டாம்னுதான் சொல்வேன். கூப்பிட்ட உடனே இளிச்சுண்டு போய் நிக்க முடியுமா? இன்னொரு தரம் கூப்பிடணும், கையைப் பிடிச்சு இழுக்கணும். நீங்கள்ளாம் போதும் போதும்னா நான் விட்டிருக்கேனா? நான் வேண்டாம்னா மட்டும் எல்லாரும் உடனே சரின்னுடறேள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல ரெண்டாவது தரம் என்னை யாரும் கூப்பிடலை, லீலா."

ஜெயலீலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை விருந்து, எத்தனை தடவை மாமி கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்று ஒரு கணம் தயங்கியிருக்கிறாள். அந்தத் தயக்கத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வார்த்தைக்கான தயக்கம் அது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காமல் எடுக்க ஒரு கருவி செய்யத் தெரிந்தவளுக்கு இரண்டு தடவை கேட்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் காலைல எடுக்கட்டா மாமி?"

"நாளைக்கா? வேண்டாம்டி, மூவர்ஸ் வரா. நேரம் ஒழியாது."

சரி மாமி என்று வாய்வரை வந்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம் லேசில் போகுமா? நல்லவேளையாக மென்று விழுங்கினாள்.

"இல்ல மாமி. எடுத்தே ஆகணும்."

"தலையெல்லாம் பரட்டையா கிடக்கு."

"சீவிக்கலாம்."

"நல்ல புடவையெல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சே."

"பெட்டியப் பிரிப்போம்," என்று ஜெயலீலா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு, அப்படியானால் சரி என்றாள்.

திங்கட்கிழமை காலையில் லாரி வந்து நின்றது. மூவர்ஸ் சோபாவையும் கட்டிலையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகாதேவன் ஒட்டு நாடாவால் மூடிய பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணி முடித்த பெட்டி ஒன்றை மாமி கத்தியால் கிழித்து, உள்ளே கையை விட்டு, அடியிலிருந்து அரக்குப் பட்டுப்புடவையை உருவினாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். லாரிக்காரன் நேரமாகிறது என்கிறான் என்று பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தலை சீவி, பின்னி, பொட்டு வைத்து, மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாமி தன் சௌகரியப்படி வெளியே வந்தாள். தீக்ஷா வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அம்மாவை அந்தப் பட்டில் அவள் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

ஹால் காலியாகக் கிடந்தது. ஜெயலீலா மாமியை அடுக்களைத் திறப்புக்கு முன்னால் நிறுத்தினாள். அகல லென்ஸுக்கு மிகவும் கிட்டே போனால் மூக்கு கத்தரிக்காயாக வீங்கிவிடும் என்பதால் பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். கேமராவை மார்போடு அணைத்துக் குனிந்தாள். கண்ணாடியில் மாமி முழுசாக இருந்தாள், உச்சி வகிட்டுக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது. மாமி கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு தடவை கட்டி, பிரித்து, தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் சும்மா தொங்கவிட்டாள். கரண்டி இல்லாத அந்தக் கைகளைப் பார்த்தபோது ஜெயலீலாவுக்கு மனசு நிறைந்து வழிந்தது. இதற்குமேல் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. நிமிராமலேயே சொன்னாள்.

"மாமி, அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல நீங்க ஏறலைன்னா நான் பயத்துலயே போயிருப்பேன். உங்ககிட்ட ஒரு தடவகூட இதைச் சொன்னதில்ல. நீங்கதான் எனக்கு அக்கா. ரொம்ப தேங்க்ஸ் மாமி."

கண்ணாடியில் மாமியின் உதடு நடுங்குவது தெரிந்தது. மாமி கையை உயர்த்தி, "இரு, இப்ப எடுத்துடாதே. மூஞ்சி கோணிண்டு போச்சு" என்றாள். தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். கீழே லாரி ஹார்ன் அடித்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை, மகாதேவன்கூட.

"தலை வருமோன்னோ?"

"வரும் மாமி."

"அப்ப எடு."

ஜெயலீலா அமுக்கினாள். நகத்தைத் தட்டியதுபோல ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதானா என்று மாமி கேட்டாள். அவ்வளவுதான் என்றாள் ஜெயலீலா. மாமி நகரவில்லை. தலைப்பை இன்னொரு தடவை சரிசெய்துகொண்டாள்.

"இன்னொண்ணு எடு. இதுல கண்ணை மூடிண்டுட்டேன்னு நினைக்கறேன்."

மாமி கண்ணை மூடவில்லை. இந்த மாதிரிக் கேமராவில் படம் விழுகிற கணத்திலும் மேல் கண்ணாடியில் ஆள் மறையாமல் தெரிந்துகொண்டே இருப்பார். ஜெயலீலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. கைப்பிடியைச் சுற்றி அடுத்த படத்துக்குப் பிலிமை நகர்த்தினாள்.